கால் இறங்கும் சத்தம்

யாங்கோன் நகரத்தின் லான்மடாவில் ஒரு தேநீர்க் கடையில் என் பழைய பிள்ளைகள் சிலர் கூடியிருந்தார்கள். பிள்ளைகள் என்று பழக்கத்தில் சொல்கிறேன். காதோரம் நரைக்கத் தொடங்கிய ஆண்கள். ஒரு காலத்தில் எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடியவர்கள். கல்லூரி அந்த அணியைக் கலைத்துவிட்டது என்று செய்தி வந்திருந்தது. அதனால் பேச்சு தானாகவே எங்கள் பயிற்சியாளர் ஊ சான் லின் பக்கம் திரும்பியது.

"அவருக்கு ஆள் பிடிக்கத் தெரியும். ஆளை வளர்க்கத் தெரியாது," என்றான் கோ மின். ஆடிய காலத்திலேயே பந்தைவிட அவன் வாய்தான் அதிகம் ஓடும்.

"உன்னை வளர்க்க முடியலேன்னு சொல்லு," என்றான் எதிரில் இருந்த தான் சோ. "உசரத்துக்காக உன்னை எடுத்தாரு. நீ தொப்பையை மட்டும் வளர்த்துக்கிட்டே."

"முதல் வருஷம் முழுக்க பெஞ்சுல உக்கார வச்சா தொப்பை வராம என்ன வரும்? கடைசியா கியாக்தானிலேருந்து ஒரு பையனைக் கொண்டாந்தாரே, அவன் ஒரு மேட்ச்சாவது ஆடினானா? இப்போ டீமே இல்ல. என்னத்த வளர்த்தாரு?"

"வளர்ப்பு இருக்கட்டும்யா. ஆள் எடுக்கிறதுல நேர்மையான மனுஷன். சயாமா மகனையே எடுக்கலையே. அத்தனை வருஷம் கூட வேலை பாத்தவங்க மகன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

யாரோ தான் சோவின் காலை மிதித்திருக்க வேண்டும். அந்த சயாமா நான்தான். இங்கே ஆசிரியையை அப்படித்தான் அழைப்பார்கள்; ஆசிரியர் என்றால் சயா. எடுக்கப்படாத அந்த மகன் என் கார்த்தி.

"தப்பா எடுத்துக்காதீங்க, சயாமா," என்றான் தான் சோ. பிறகு, விட்டதைப் பிடிக்கிறவன்போல, "நீங்களே சொல்லுங்க. அவரு நல்ல கோச்சா இல்லையா? உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

தேநீர் ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். நாங்கள் பேசியதெல்லாம் பெரும்பாலும் பர்மியில். இங்கே நம் பேச்சில் தருகிறேன்.

நான் வளர்ந்தது மிங்கலா தாங்ஞுன்டில், ரயில்வே லைன் வீடுகளில். அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். வீடுகளுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தளமும், வலை இல்லாத ஒரு வளையமும் இருந்தன. அங்கே தொடங்கிய ஆட்டம் பள்ளி அணி, நகர அணி, உடற்பயிற்சிப் படிப்பு என்று போய், ஒரு தனியார் கல்லூரியில் பெண்கள் அணிக்குப் பயிற்சி தரும் வேலையில் வந்து நின்றது. பெண்கள் அணிக்குப் போதிய ஆள் சேராத ஒரு வருஷம், ஆண்கள் அணியில் ஊ சான் லினுக்குத் துணையாக என்னைப் போட்டார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். வேலையை விடும்வரை அதுவே நிலைத்தது.

ஊ சான் லின் உயரமானவர் அல்ல. பெரியவர் பெயருக்கு முன்னால் 'ஊ' சேர்ப்பது இங்கே மரியாதை; என்னை அவர் 'மா செல்வி' என்பார். மைதானத்துக்கு வெளியே எப்போதும் கட்டம்போட்ட லோஞ்சிதான், நம் கைலி மாதிரி. கழுத்தில் விசில் தொங்கும்; அதை அவர் ஊதி நான் கேட்டதில்லை. யாரையாவது திருத்த வேண்டுமென்றால் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொல்வார். பையன்களுக்கு அது திட்டுவதைவிடப் பயம்.

அவர் ஆள் எடுக்கும் முறை வேடிக்கையானது. எங்காவது கைகால் நீண்ட பையன் இருக்கிறான் என்று தகவல் வந்தால், அவன் ஆடுவதைப் பார்க்கப் போகமாட்டார். வீட்டுக்குப் போவார். வாசலில் குனிந்து, தன் செருப்பைக் கழற்றுவதற்குத் தேவையானதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வார். அந்த நேரத்தில் படியில் கிடக்கும் மற்றச் செருப்புகளைப் பார்ப்பார். பையனுடையது எது என்று கண்டுபிடிப்பார். பாதம் உடம்புக்கு முன்னால் வளர்ந்துவிடும். வயதுக்கு மீறிய செருப்பு என்றால் உடம்பு பின்னால் வரும் என்று அர்த்தம். பிறகு தேய்மானம். குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருந்தால் கணுக்கால் மடங்குகிற பையன். பெருவிரலுக்குக் கீழே குழி விழுந்திருந்தால் முன்பாதத்தில் நடக்கிறவன், துள்ளுவான். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் உள்ளே போவார். கையில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதைத் தாயிடம் கொடுப்பார். தாயிடம்தான் பேசுவார். பையனைப் பையன் காதுபடப் புகழ்ந்ததே இல்லை. பையன்கள் அவருக்கு வைத்த பெயர் செருப்பு வாத்தியார்.

வளர்க்கும் முறையும் அவருடையதேதான். முதல் வருஷப் பையன் யாரும் போட்டியில் ஆடக்கூடாது. எவ்வளவு திறமை இருந்தாலும் கூடாது. அந்த வருஷம் முழுக்க அவன் கற்க வேண்டியது இறங்குவது. மேலே எழும்பிப் பந்தைப் பிடிக்க எல்லாருக்கும் ஆசை. திரும்பத் தரைக்கு வருவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, முழங்கால் போவது அங்கேதான் என்பார். பெஞ்சின் மேலிருந்து ஒவ்வொருவனாகக் குதிக்கச் சொல்லிவிட்டு, அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொள்வார். சத்தத்தை மட்டும் கேட்பார். "இது இடது கால் முந்துது." "இவன் குதிகாலில் இறங்குறான்." "இது சரி." ஒரு முறை பையன்கள் கேலிக்காகப் பந்து மூட்டையைப் பெஞ்சிலிருந்து தள்ளிவிட்டார்கள். அவர் திரும்பவே இல்லை. "இந்தப் பையன் பேரைக் கேளுங்க. உங்க எல்லாரையும்விட நல்லா இறங்குறான்," என்றார்.

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் நானும் அவரும் இதைப் பற்றி வாதாடுவோம். மழை வருவதுபோல அதுவும் வரும்.

"சயா, இந்தப் பையன்களுக்கு அவ்வளவு காலம் கிடையாது. இன்னிக்கு ஆடுறவனை எடுங்க. இன்னிக்கே ஆட விடுங்க."

"இன்னிக்கு ஆடுறவன் நாளைக்கு முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவான், மா செல்வி."

"நாளைக்கு அவன் இங்கே இருக்கவே மாட்டான்."

நான் சொன்னதிலும் உண்மை இருந்தது. இன்செயின் பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்திருந்தார். நான் பார்த்ததிலேயே நல்ல கைகள். முதல் வருஷம் முடிவதற்குள் அவன் அண்ணன் மலேசியாவுக்குக் கூப்பிட, போய்விட்டான். ஒரு போட்டி ஆடியிருந்தால் ருசி பிடித்து நின்றிருப்பான் என்று நான் சொன்னேன். வளராத எலும்போடு நின்று என்ன பயன் என்று அவர் சொன்னார். வளரப்போகிறவனை அவர் எடுப்பார். ஆடத் தயாராக இருப்பவனை நான் கேட்பேன். இருபது வருஷமும் இதுதான் எங்கள் வாதம். ஒரு நாளும் சண்டையானதில்லை.

சண்டையாகாததற்கு ஒரு காரணம் உண்டு. பர்மியர்கள் ஆனாடே என்று ஒன்று சொல்வார்கள். ஒன்றைக் கேட்டால் எதிரில் இருப்பவருக்குச் சங்கடமாகுமே என்று கேட்காமல் இருப்பது. கொடுத்தால் வாங்குகிறவர் கூசுவாரே என்று கொடுக்காமல் இருப்பது. இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கும் அது ரத்தத்தில் ஏறிவிட்டது. ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுவோம். எனக்கு இது வேண்டும், உங்களுக்கு இது வேண்டுமா என்று மட்டும் அவரும் நானும் பேசிக்கொண்டதில்லை.

கார்த்தி அந்த உடற்பயிற்சிக் கூடத்தின் மூலையில் வளர்ந்தவன். அவன் அப்பா தவறியபோது அவன் நடைவண்டி வயதுதான். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நான் அவனைக் கூடத்துக்கே கொண்டுபோவேன். பையன்கள் குதிப்பதைப் பார்த்து அவனும் பெஞ்சிலிருந்து குதிப்பான். வலது கால் முந்தி, குதிகால் தரையில் அடிக்க, தொப்பென்று. ஊ சான் லின் சுவரைப் பார்த்தபடியே, "கார்த்தி வந்துட்டான்," என்பார். அவன் வளர்ந்த பிறகும் அந்த வலது கால் மாறவில்லை. ஆனால் எறிந்தால் பந்து வளையத்துக்குள் போகும். அந்தக் கையை நான் வளர்த்தேன்.

பிறகு ஆள் எடுக்கும் சட்டம் வந்தது. பதினெட்டு வயதானால் பட்டாளத்துக்கு அழைக்கலாம் என்றார்கள். கல்லூரியில் சேர்ந்து படிக்கிறவனுக்கு அதைத் தள்ளிப்போட ஒரு வழி இருந்தது.

அந்த வருஷம் அணித் தேர்வுக்கு ஒரு பையனும் வரவில்லை. உயரம், வயது, முகவரி சொல்லித் தன்னைக் காட்டிக்கொள்ள யாருக்கு மனம் வரும்? வீடுகளுக்குப் போனால் கதவு திறக்கவில்லை. அறிமுகமில்லாத ஓர் ஆண் வாசலில் நின்று, உங்கள் வீட்டில் உயரமான பையன் இருக்கிறானாமே என்று கேட்டால் எந்தத் தாய் திறப்பாள்? அத்தனை வருஷமாக வேலை செய்துவந்த ஒரு முறை, ஒரே பருவத்தில் பயமுறுத்தும் காரியமாகிவிட்டது. ஊ சான் லினுக்கு இது புரியக் கொஞ்சம் காலம் ஆனது. அதன்பிறகு பெண்பிள்ளை கூட இருந்தால் பயப்படமாட்டார்கள் என்று என்னைத் துணைக்கு அழைத்தார்.

அப்படித்தான் கியாக்தான் போனோம். நீர் நடுவில் இருக்கும் பகோடாவுக்குப் படகு ஏறுகிற துறையில், சுமை இறக்கும் தீஹா என்ற பையனைப் பற்றித் தகவல் வந்திருந்தது. அவன் தாய் அதே துறையில், பகோடாவுக்கு வருகிறவர்களுக்கு மீனுக்குப் போடும் பொரி விற்கிறவள். வீடு துறைக்குப் பின்னால், கம்பங்களின் மேல் நின்ற மரவீடு. நாங்கள் படியை நெருங்குவதற்குள் அவள் கதவை மறித்து நின்றாள்.

"இங்கே ஆம்பளைப் பிள்ளை யாரும் கிடையாது," என்றாள், நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே.

ஊ சான் லின் பழக்கத்தில் குனிந்தார். படியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. அவ்வளவு பெரிய செருப்பை நான் எந்த வாசலிலும் பார்த்ததில்லை. பெருவிரலுக்குக் கீழே ஆழமான குழி.

"அது எங்க வீட்டுக்காரரோடது," என்றாள்.

ஊ சான் லின் அந்தச் செருப்பைத் தன் காலால் மெல்லத் தள்ளி, தண்ணீர்ச் சாடிக்குப் பின்னால், பாதையில் போகிறவர் கண்ணில் படாதபடி ஒதுக்கினார். "வீட்டுக்காரர் செருப்பை உள்ளே வைங்க அக்கா. வாசல்ல கிடந்தா யாராவது அளவு பாப்பாங்க," என்றார். பிஸ்கட் டின்னைப் படியில் வைத்தார். என்ன கல்லூரி, என்ன இடம் என்று இரண்டே வரியில் சொன்னார். திரும்பி நடந்தார்.

கதவு சாத்தப்பட்ட வேகத்தில் நான் "முருகா" என்று முனகியிருக்கிறேன். பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது அந்தத் தாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்தாள். இந்த முறை தமிழில் பேசினாள். பழைய, திருத்தமான தமிழ்.

"ஏம்மா, நீ நம்ம சனமா? அவர் சொல்றது மெய்தானா? படிக்கிற பிள்ளையக் கூப்பிட மாட்டாங்களா?"

"இப்போதைக்குத் தள்ளிப்போடுவாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா."

"இப்போதைக்குன்னா போதும்," என்றாள். "எம் பிள்ளை மீனைக்கூடத் தூக்கி எறிய மாட்டான், மெல்லத்தான் வைப்பான். நீயே வந்து பாரு."

தீஹா யாங்கோனுக்கு வந்தான். பந்தைப் பிடிக்கத் தெரியவில்லை. எறியத் தெரியவில்லை. குதித்தான், இறங்கினான், நான் பக்கத்தில் நின்றும் எனக்குச் சத்தம் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் கல்லூரி, விளையாட்டுக்காகக் கட்டணமின்றிச் சேர்க்கும் இடம் இந்த வருஷம் ஒன்றே ஒன்று என்று சொன்னது. கார்த்திக்கும் அப்போது பதினெட்டு. பள்ளிகள் மூடிக்கிடந்த வருஷங்களில் அவன் படிப்பு பின்தங்கிவிட்டது. பணம் கட்டிச் சேர்க்க எங்களால் ஆகாது. அந்த ஓர் இடம்தான் அவனுக்கும் வழி. தீஹாவுக்கும் அதுதான் வழி. இது எனக்குத் தெரியும், ஊ சான் லினுக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை நாங்கள் பேசவில்லை.

இரண்டு பையன்களையும் சில நாள் சேர்த்துப் பார்த்தார். எறிவதில் கார்த்தி எட்டாத தூரத்தில் இருந்தான். அன்றைக்கே களத்தில் இறக்கக்கூடியவன். இருபது வருஷமாக நான் வாதாடிக் கேட்ட ஆள் இதோ, என் வயிற்றில் பிறந்து நிற்கிறான். இன்னிக்கு ஆடுறவனை எடுங்க, சயா. எத்தனையோ முறை சொன்ன அந்த வாக்கியத்தை அந்த நாட்களில் மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அது ஆட்டத்தைப் பற்றிய பேச்சாக இருந்திருக்காது. அவரும், வழக்கமாகச் சீண்டுகிறவர், இந்த முறை என்னைச் சீண்டவில்லை.

கடைசி நாள் கூடத்தில் நாங்கள் நான்கு பேர்தான். "இறங்கறதைக் கேட்டுட்டு முடிச்சுக்கலாம்," என்றார். சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். "மா செல்வி, யாரை முதல்ல அனுப்புறீங்கன்னு சொல்ல வேண்டாம். ஒருத்தர் பின்னால ஒருத்தரா குதிக்கச் சொல்லுங்க."

கார்த்தியை முதலில் கைகாட்டினேன். பெஞ்சிலிருந்து எழும்பி இறங்கினான். தொப். வலது கால் முந்தி. பிறகு தீஹா. வெறும் சாக்குப்பையைத் தரையில் வைத்ததுபோல ஒன்று கேட்டது. அவ்வளவுதான்.

ஊ சான் லின் திரும்பவில்லை. "ரெண்டாவது ஆள்," என்றார். "ரெண்டாவது ஆள் யாரு?"

கூடத்தின் தகரக் கூரையில் காக்கைகள் நடந்துகொண்டிருந்தன. கார்த்தி என்னைப் பார்த்தான். தீஹா தரையைப் பார்த்தான். கியாக்தானில் ஓடிவந்த அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தோன்றியதா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். தோன்றவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என் வேலை. இருபது வருஷம் அந்தச் சுவரோரம் நின்று, இது யாரு என்று அவர் கேட்கும்போதெல்லாம் பெயரைச் சொன்னவள் நான்.

"தீஹா," என்றேன்.

அவர் திரும்பி, "சரி," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் கார்த்தி என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். அவனுக்குத் தமிழ் விளங்கும், பேச்சு பர்மிதான். "அம்மா, நான் சத்தமாத்தான் இறங்கினேன்," என்றான். "நீங்க வேற என்ன சொல்ல முடியும்?" சற்றுக் கழித்து, "அவன் நல்லா இறங்குறான்ல?" என்றான். அதில் குத்தல் இல்லை. குத்தலாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் பருவத்தோடு நான் வேலையிலிருந்து ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டேன். முதுகு வலி என்று காரணம் சொன்னேன். ஊ சான் லின் அதையும் துருவிக் கேட்கவில்லை.

எங்கள் வார்டில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்கியபோது கார்த்தியின் பெயர் வந்தது. அவன் வேலை தேடி மலைப்பக்கம் போய்விட்டான் என்று விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னேன். அவன் பின்னறையில் இருந்தான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் ஊ சான் லின் எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் மாடி, பழைய கட்டிடம், மரத்தரை. கதவைத் திறந்தபோது அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாசலில் என் செருப்பு மட்டும்தான் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பையன் எங்கே என்று கேட்கவில்லை. கையில் பிஸ்கட் டின் இருந்தது. ஆள் எடுக்கப் போகிற வீட்டுக்குக் கொண்டுபோகும் அதே பிஸ்கட் டின். இத்தனை வருஷத்தில் எனக்கு அதை அவர் தந்ததில்லை.

வெறுந்தேநீர் வைத்தேன்.

"அன்னிக்கு ரெண்டாவது யாருன்னு எதுக்குக் கேட்டேன்னு நினைக்கிறீங்க, மா செல்வி?"

"தெரியாததுனால கேட்டீங்க."

"கார்த்தி காலை அவன் பொடியனா இருக்கும்போதுலேருந்து கேக்கிறேன். எனக்கா தெரியாது?" கோப்பையைச் சுற்றித் திருப்பினார். "நீங்க கார்த்தின்னு சொல்லியிருந்தா நான் கார்த்தின்னுதான் எழுதியிருப்பேன். திரும்பியே பாத்திருக்க மாட்டேன். கண்ணை மூடிக்கிட்டு நின்னதே அதுக்குத்தான்."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சயா."

"எப்படிச் சொல்றது? பையனுக்கு இடம் வேணுமான்னு நான் கேட்டா உங்களுக்கு எவ்வளவு கூச்சமா இருக்கும்? நீங்க கேக்கட்டும்னு பாத்தேன்."

"நீங்க சொல்லட்டும்னு நான் பாத்தேன்," என்றேன்.

அவர் தலையசைத்தார். மழை ஜன்னல் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டிருந்தால், நான் கேட்டிருந்தால், தீஹா இன்று எங்கே இருப்பான்? அந்தக் கேள்வியும் எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

அவர் எழுந்து வாசலுக்குப் போனபோது பின்னறையில் கார்த்தி பரண்மேலிருந்து குதித்திருக்கிறான். வந்தவர் போய்விட்டார் என்று நினைத்திருப்பான். தொப். தரை அதிர்ந்தது. வலது கால் முந்தி.

ஊ சான் லின் ஒரு செருப்பை மாட்டியபடி, இன்னொரு காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னும் குதிகாலில்தான் இறங்குறான்," என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத அந்தக் குரலில். "மெதுவா இறங்கச் சொல்லிக் கொடுங்க, மா செல்வி. கீழ் வீட்டுக்குக் கேக்கும்."

போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த மழைக்காலம் முழுக்க நான் என் மகனுக்குப் பயிற்சி கொடுத்தேன். பரணிலிருந்து இறங்கும்போது விரல் முதலில், பிறகு முன்பாதம், முழங்கால் மடிந்து, குதி கடைசியில். கதவருகே நடக்கும்போது பலகையின் நடுவை விட்டு, ஆணி அடித்த ஓரத்தில் கால் வைப்பது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொள்வேன். "இப்போ?" என்பேன். "ஏற்கனவே இறங்கிட்டேன், அம்மா," என்று பின்னாலிருந்து சொல்வான். முதல் முறை அப்படிச் சொன்னபோது எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வீடு வீடாக ஆள் சோதிக்க வந்தவர்கள் கீழ் வீட்டில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு நாளில், அவன் என் தலைக்குப் பின்னால் அறையைக் கடந்து போனதை நானே அறியவில்லை. இத்தனை வருஷம் அந்த முதல் வருஷப் பயிற்சி வீண் என்று வாதாடியவள் நான்.

மழை விட்ட பிறகு கார்த்தி எல்லை தாண்டிப் போனான். எப்படி என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். அவன் கையிலிருந்து பந்து போய்விட்டது. அந்தக் கையை நான் வளர்த்ததை நினைத்தால் மட்டும் என்னால் தாங்க முடிவதில்லை.

தீஹா படித்துக்கொண்டிருக்கிறான். அணி கலைந்தாலும் அவன் இடம் போகவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது அவன் தாய் கொடுத்தனுப்பும் கருவாட்டுப் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வருவான். படியேறுகிற சத்தமே கேட்காது. கதவைத் திறந்தால் நிற்பான். ஒவ்வொரு முறையும் நான் திடுக்கிடுவேன். அவனைச் சாப்பிட வைத்து அனுப்புவேன். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவன் போன பிறகு கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆகவே, கோ மின், தான் சோ, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். ஆள் எடுப்பதில் அவர் தவறியதில்லை. தவறத் தயாராக இருந்த ஒரே ஒரு நாளில் நான் அவரைத் தவறவிடவில்லை. அவர் எடுக்காத ஒருவனுக்கு அவர் சொன்ன ஒரு வரி, அவர் எடுத்த பலருக்குச் சொன்னதைவிட அதிகம் பயன்பட்டது. இதை வைத்து அவர் நல்ல கோச்சா இல்லையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என் மகனை மட்டும் இனி அந்த மேசைக்குச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள்.

போன வாரம் கார்த்தி கூப்பிட்டான். கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு வளையம் இருக்கிறதாம். வலை இல்லையாம். ஆடினாயா என்று கேட்டேன். இல்லை, வேலை முடிந்தால் உடம்பு கேட்பதில்லை என்றான்.

"ஆனா ஒரு நாள் சும்மா குதிச்சுப் பாத்தேன், அம்மா," என்றான். "அங்கே தரை சிமெண்ட். கீழ் வீடு கிடையாது. எவ்வளவு சத்தமா வேணும்னாலும் இறங்கலாம்."

"இறங்கினியா?"

"முடியலை," என்றான். "சத்தமே வரலை."